கயிறில்லாத மியூட்

மியூட் விழுந்தபோது அவனுடைய தனி வாசிப்புக்கு ஒரு மூச்சு நேரம்தான் பாக்கி இருந்தது.

அதுவரை ஹார்ன்காரர்கள் உதட்டை எடுக்க இடமில்லாமல் நீண்ட சுரங்களாக ஊதி வந்திருந்தார்கள். வயலின்கள் அடங்கிவிட்டன. அரங்கமே அவனுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

பக்கத்து நாற்காலியிலிருந்து அந்த மரக்கூம்பு உருண்டது. மேடைப் படிகளில் டொக் டொக்கென்று இறங்கி, கிளாரினெட்காரரின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

பிரெஞ்சு ஹார்னின் அகன்ற வாய்க்குள் செருகி, ஒலியை எங்கோ தொலைவில் கேட்பதுபோல ஆக்குகிற அடைப்பான் அது. சத்தத்தை அடக்குவதற்கென்றே செய்த சாமான் போட்ட சத்தத்தில் கடைசி வரிசைவரை எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

இசை நடத்துநர் கோலைத் தாழ்த்தினார். எல்லோரும் நிறுத்தினார்கள்.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வராதா பின்னே? முதல் ஹார்ன் நாற்காலியில் ஓராண்டு உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, அவனை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்கிற ஒத்திகை அது. தேர்வுக்குழு கீழே வரிசையாக உட்கார்ந்திருந்தது. அவனோ பள்ளிக்கூடத்து நிரந்தர வேலையை உதறிவிட்டு, மனைவி மக்களோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்தவன். மாப்பிள்ளை காற்றை ஊதியே குடும்பம் நடத்தப் போகிறார் என்று மாமனார் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

போன மாதக் கச்சேரியில் வேறு மானம் போயிருந்தது. மியூட்டை எடுக்க மறந்து, முழங்க வேண்டிய இடத்தில் போர்வைக்குள்ளிருந்து பேசுகிறவன்போல ஊதித் தொலைத்தான். இன்னொரு தவறு என்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஆனால் இப்போது விழுந்த மியூட் அவனுடையதல்ல. இரண்டாவது ஹார்ன் வாசிக்கும், அவன் அக்கா என்று கூப்பிடுகிற பெண்ணுடையது.

அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் போட்டியிட்டுத் தோற்றவள் அவள். அன்றிலிருந்து அவனோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. குழுவில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர்.

வாசிப்பில் மட்டும் அவளை ஒரு குறை சொல்ல முடியாது. கீழ்ஸ்தாயியில் அவள் ஒரு சுரத்தைப் பிடித்தால் அது சிமெண்டுத் தரை. அதன்மேல் யாரும் தைரியமாக நடந்து போகலாம். இந்த ஓராண்டில் தான் நன்றாக ஊதிய இடமெல்லாம் அடியில் அவள் இருந்த இடம் என்பது அவனுக்கே தெரியும். ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவான்.

அப்படிப்பட்டவள் மியூட்டைத் தவறவிடுவாளா?

அவன் பார்வை அவள் கைக்குப் போனது. மியூட்டில் ஒரு கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது ஹார்ன்காரர்கள் வழக்கம். கை நழுவினாலும் தொங்குமே தவிர விழாது. முதல் பகுதியில் அவள் மாட்டியிருந்ததை அவனே பார்த்தான். இப்போது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

கழற்றியிருக்கிறாள். வேண்டுமென்றே போட்டிருக்கிறாள். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நடத்துநர் அவளைப் பிடி பிடியென்று பிடித்தார். இத்தனை வருஷ அனுபவம் எதற்கு என்றார். பொறாமை என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார். தேர்வுக்குழுவில் ஒருவர் உச்சுக்கொட்டினார். அவள் படியிறங்கிப் போய் மியூட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அவன் கை சும்மா இருக்கவில்லை. வாசிப்பு நின்றால் எந்த ஹார்ன்காரனும் செய்வதைத்தான் செய்தது. ஊதுகிற மூச்சின் ஈரம் குழாய்க்குள் தண்ணீராகச் சேரும். வளைந்த குழாய்களை உருவி உதற வேண்டும். வெளிக்குழாயை உருவினான். காய்ந்து கிடந்தது. காலையிலிருந்து பதற்றத்தில் அதையே திரும்பத் திரும்ப உதறியிருக்கிறான்.

உள்குழாயை உருவினான். மளமளவென்று கொட்டி அவன் காலணியை நனைத்தது.

அந்தத் தண்ணீரோடு ஆரம்பித்திருந்தால், அத்தனை அமைதியில், தனி வாசிப்பு முழுக்க ஹார்ன் வாய் கொப்பளித்திருக்கும். நல்லவேளை, தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டான். ஆனாலும் கோபம் மட்டும் ஆறவில்லை.

மறுபடி ஆரம்பித்தார்கள். வயலின்கள் அடங்கின. அவள் கீழே தரையைப் போட்டாள். அவன் மியூட்டைச் செருகி ஊதினான்.

என்ன ஊதல் அது! மலைக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாக அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் பட்டது. கிளாரினெட்காரர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தன் முறைக்கு ஒரு கணம் பிந்திச் சேர்ந்தார்.

கடைசிச் சுரம் அடங்கியதும் வயலின்காரர்கள் வில்லால் இசைத்தாள் வைக்கும் தாங்கியைத் தட்டினார்கள். அவர்களுக்கு அதுதான் கைதட்டல். தேர்வுக்குழுத் தலைவர் எழுந்து நின்று நடத்துநரைப் பார்த்துத் தலையசைத்தார். நாற்காலி அவனுடையதாகிவிட்டது.

ஒத்திகை கலைந்தபோது கிளாரினெட்காரர் அவன் தோளைத் தட்டினார். இதைச் சும்மா விடக்கூடாது, நாலு பேர் முன்னால் கேட்டுவிடு என்று உசுப்பிவிட்டார்.

அவன் நேராக அவளிடம் போனான். அவள் மியூட்டை மடியில் வைத்துக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழ்வரை அது பிளந்திருந்தது.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அடுத்த தடவ உள்குழாய்த் தண்ணிய நீங்களே பாத்துக் கொட்டிடுங்க தம்பி. கீழ போட எங்கிட்ட வேற மியூட் இல்ல."