சிம்பாங்கிலிருந்து ஒரு ஹலோ

"அக்கா, அண்ணனையும் கொஞ்சம் பேச விடுங்கக்கா. கேள்வி கேக்குறது அவருகிட்ட, பதில் சொல்றது நீங்களா?"

நாசர் சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறி, அவர்கள் வீட்டு வாசலில் நின்ற வேனின் கூரையை எட்டிப் பார்த்தான். மலேசியாவின் பொந்தியான் ஊரில் கார் ரேடியோ மாட்டும் கடை வைத்திருப்பவன். எத்தனையோ தம்பதிகளைப் பார்த்திருக்கிறான். இப்படி ஒரு ஜோடியைப் பார்த்ததில்லை. கஸ்தூரி வாயே மூடவில்லை. அவள் கணவர் திருச்செல்வமோ, அந்த வெயிலிலும் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் சாதுவாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கும் சேத்து நான்தான் பேசுறது, தம்பி. நீ வேலையப் பாரு லா."

விஷயம் இதுதான். திருச்செல்வம் தொழிற்சாலை ஆட்களை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு விடியற்காலையில்தான் திரும்புவார். வீட்டுத் தெரு பிரியும் சிம்பாங்கில் வேன் திரும்பும்போது ஒரு ஹாரன் அடிப்பார். அது காதில் விழுந்த பிறகுதான் கஸ்தூரிக்கு மூச்சே வரும். இப்போது பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, ஹாரன் கூடாது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்பது கஸ்தூரியின் சட்டம். அதனால்தான் வேனிலிருந்து அடுக்களை ரேடியோவுக்குச் சேதி சொல்ல இந்தக் குட்டி எஃப்.எம். பெட்டி.

"வண்டி வாசல்ல நின்னா நல்லா வருது தம்பி. சிம்பாங்குக்குப் போனா ஒண்ணுமில்ல. அவரு அங்க வந்துட்டாருன்னு எனக்குத் தெரியணும். அதுவரைக்கும் உசுரு கையிலதான்."

"பெட்டி நல்லாத்தான் இருக்குக்கா. ஏரியல்தான் அதோட ஒத்துப்போகல. பெட்டி அனுப்புறத வாங்கிக்காம பாதியத் திருப்பி அனுப்புது. எவ்வளவு திரும்புதுன்னு இந்த மீட்டர் முள்ளு காட்டும், எங்க நிக்குது பாருங்க."

"எங்க வீட்டுல அந்தக் கதையே இல்ல. நான் அனுப்புறது அத்தனையும் இவரு வாங்கிக்குவாரு. ஒண்ணும் திரும்பி வராது."

திருச்செல்வத்தின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

"குடுத்து வச்சவங்கக்கா நீங்க. நான் ஒரு நாள் பேசாம இருந்தா, எம் பொண்டாட்டி பஸீலா எனக்குச் சோறு போட மாட்டா."

நாசர் ஏரியலின் அடியிலிருந்த பெயிண்டைச் சுரண்டி, அது வேனின் தகரத்தோடு படியும்படி திருகை இறுக்கினான். பிறகு கம்பியை நகக்கண் அளவு நறுக்கினான். முள்ளைப் பார்த்தான். மறுபடி நறுக்கினான். கஸ்தூரி முதல்முறையாகப் பேச்சை மறந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அடியில் போய்ப் படுத்தது.

"ஒத்துப்போச்சு! அண்ணே, சிம்பாங்குக்குப் போய் சுவிட்சப் போட்டு, இந்த மைக்குல அக்காவுக்கு ஒரு ஹலோ சொல்லுங்க. வெக்கப்படாதீங்க."

திருச்செல்வம் மைக்கைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தலையாட்டிவிட்டு வேனைக் கிளப்பினார்.

அடுக்களையில், எந்த நிலையமும் வராத இடத்தில் திருப்பி வைத்திருந்த ரேடியோ 'உஸ்ஸ்' என்று இரைந்துகொண்டிருந்தது. நாசர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். கஸ்தூரி அடுப்பின் திருகில் கை வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

சட்டென்று இரைச்சல் நின்றது. அடுக்களையே அமைதியானது.

நாசர் காத்திருந்தான். ஹலோ வரவில்லை.

"அலமாக்! மைக்கு வேல செய்யல போலக்கா. இல்ல, அண்ணன் இன்னும் வெக்கப்படுறாரு..."

சொல்லிக்கொண்டே திரும்பினான். தேத்தண்ணிக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கஸ்தூரியின் கன்னமெல்லாம் ஈரம், முகமெல்லாம் சிரிப்பு.

"சிம்பாங்குக்கு வந்துட்டாரு, தம்பி."

"குரலே வரலியேக்கா?"

"குரலத்தான் போன வருசம் தொண்டை ஆபரேஷன்ல எடுத்துட்டாங்களே. இனிமே அவரு சுவிட்சப் போட்டு ரேடியோ இப்படிக் கம்முன்னு ஆச்சுன்னா, அவரு என்னக் கூப்பிடுறாருன்னு அர்த்தம்."