சாயங்காலத்துக்குள்ள

சோனாங்குப்பம் கரையில் வெயில் ஏறுகிறது. பூவரசனைத் தேடிப்போன படகுகள் அவனில்லாமல் திரும்பி மணலில் கிடக்கின்றன. அவன் மனைவி தமிழினி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவன் கடலுக்குப் போன அன்று, "விடியக்காலம் போன படகு எப்ப திரும்பும்?" என்று அதிலிருக்கும் ஏஐயிடம் கேட்டிருந்தாள். அதற்குக் கீழேயே இப்போது, "இன்னும் வரலியே" என்று எழுதுகிறாள். "கவலைப்படாதீர்கள், இன்று மாலைக்குள் வந்துவிடுவார்" என்கிறது அது. நாத்தனார் தேன்மொழி எட்டிப் பார்க்கிறாள். "அண்ணி, அது இன்னும் அந்த நாள்லயே நிக்குது. நடுவுல ஒரு வாரம் போனது அதுக்குத் தெரியல. நீங்க சொன்னாதான் தெரியும்." தமிழினியின் விரல் எழுத்துகளுக்கு மேலே அப்படியே நிற்கிறது. புறங்கையில் உட்கார்ந்த ஈயைக்கூட அவள் விரட்டவில்லை. கண்ணில் ஈரமே இல்லை. "சொல்ல வேணாம்" என்கிறாள். "அதுக்காவது தெரியாம இருக்கட்டும்."