படித்தவர் கருத்து

"இந்தப் புஸ்தகத்த முதல்ல இங்கேர்ந்து எடுங்க சார்!"

வெல்டர் நாவலை மேஜைமேல் போட்ட வேகத்தில், நூலகரின் மூக்குக்கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாலு பேரும் தலையைத் தூக்கினார்கள்.

நூலகருக்கு உள்ளூர ஒரே குஷி.

ஒரு நாட்டில், வீட்டுக்குள் பெண்கள் பேசவே கூடாது என்று சட்டம் வருகிறது. அதுதான் நாவல். மேலிடத்தோடு மல்லுக்கட்டி அதை வாங்க வைத்தவர் அவர்தான். முதல் வேலையாக வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்கும் படிக்கக் கொடுத்தார். 'பெண்ணின் குரல்' என்று பன்னிரண்டு பக்கத்துக்குக் கட்டுரையும் எழுதிவிட்டார். மூன்று வாரமாக வீட்டில் அப்படி ஓர் அமைதி, பேனா நிற்காமல் ஓடியது. சாயங்காலம் வாசகர் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். எதிர்ப்புக்கு ஓர் ஆள்தான் குறைச்சல். இதோ, அதுவும் தானாக நடந்து வந்துவிட்டது.

"ஏன், உண்மை சுடுதோ?" என்றார்.

"அதெல்லாம் தெரியாது சார். இதப் படிச்சுட்டு என் சம்சாரம் வாயத் தொறக்க மாட்டேங்குறா."

"எப்பலேர்ந்து?"

"காலையில எந்திரிச்சதுலேர்ந்து."

நூலகர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை.

"நாலு மணி நேரத்துக்கா இந்தக் கூப்பாடு?"

"நாலு மணி நேரம் சார்!" வெல்டருக்குக் குரல் உடைந்தது. "பல்லு தேய்க்கும்போதே பேசுறவ அவ. காபி குடுத்தா, பேசல. பட்டன் இல்லாத சட்டையப் போட்டுக்கிட்டு முன்னாடி போய் நின்னேன், திட்டல. பட்டறைக்குக் கிளம்புறேன், 'கண்ணாடி எடுத்துக்கிட்டீங்களா'ன்னு ஒரு வார்த்தை கேக்கல. பத்து வருஷத்துல ஒரு நாள் அதக் கேக்காம விட்டதில்ல சார். கையும் ஓடல, காலும் ஓடல."

நூலகர் எழுந்து நின்றார். கூட்டத்துக்கு வைத்திருந்ததில் கொஞ்சம் இங்கேயே எடுத்துவிடலாம் என்று தோன்றியது. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மனைவி எழுதிவைத்த சாமான் பட்டியல். அதன் பின்பக்கத்தில்தான் முக்கியமான வரிகளைக் குறித்திருந்தார்.

"தம்பி, பெண்ணோட மௌனம் ஒரு கேள்வி! அதக் காது குடுத்துக் கேக்கத் துப்பில்ல. புத்தகத்தத் தூக்கணும்னு மட்டும் வந்துட்டீங்க!"

"அப்படிப் போடுங்க!" என்றார் பேப்பர் படித்தவர்களில் ஒருவர்.

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குக் கேள்வியெல்லாம் புரியாது சார். அவ பேசணும். திட்டினாலும் சரி."

அதற்குள் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள்.

"ஐயோ, இங்கயா இருக்கீங்க? பட்டறைக்குப் போன் போட்டா ஆளே வரலைங்கிறாங்க, எனக்கு உசுரே போயிருச்சு!"

"பேசிட்டா! சார், பேசிட்டா!" வெல்டர் துள்ளினார்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க சார். கதையில சட்டம் வந்த அன்னிக்கு அந்தப் பொண்ணு வாய மூடிக்குவா இல்ல? அது அவ புருஷனுக்கு உறைக்கவே ஒரு வாரம் ஆகும். எங்க தையல் யூனிட்டுல சாப்பாட்டு நேரத்துல ஒருத்தர் படிக்க, எல்லாரும் கேட்டோம். நம்ம வீட்டுல எத்தனை நாள் ஆகும்னு பாத்துடலாமேன்னு ஆளாளுக்கு ஒரு விளையாட்டு. எனக்குத்தான் வாய் அடங்கல. இன்னிக்குத்தான் ஆரம்பிச்சேன்."

நாவலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். 'படித்தவர் கருத்து' என்று ஒரு தாள். எல்லாப் புத்தகத்திலும் அதை ஒட்டியவர் நூலகர்தான். ஒட்டியதோடு சரி, ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. அதில் யாரோ கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தார்கள். ஆரம்பித்த நாள். வீட்டுக்காரர் கண்டுபிடிக்க ஆன நாட்கள். அஞ்சு. எட்டு. ஆறு. ஒரு கட்டத்தில், 'மூன்று, அதுவும் டிவி ரிமோட் தொலைந்ததால்.'

கடைசிக் கட்டத்தில் அவள் 'நாலு மணி நேரம்' என்று எழுதினாள். எழுதிவிட்டுப் புருஷனைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பெருமை.

"முதல்ல எழுதின அக்காதான் சார் இத ஆரம்பிச்சு வச்சது. யாருன்னு தெரியல. அவங்க கட்டம் மட்டும் இன்னும் காலியா இருக்கு பாருங்க, பாவம்."

"எந்த மகராசனோ!" என்று நூலகரும் சிரித்தார்.

இருவரும் கிளம்பினார்கள். "பட்டன் இல்லாத சட்டையோடயா இவ்வளவு தூரம் வந்தீங்க? மானம் போகுது" என்று அவள் ஆரம்பித்தது தெருமுனை வரை கேட்டது. வெல்டர் சொர்க்கத்துக்கே போகிறவர் மாதிரி தலையாட்டிக்கொண்டு போனார்.

நூலகர் புன்னகையோடு அந்த முதல் வரியைப் பார்த்தார். 'ஆரம்பித்த நாள்: 2ஆம் தேதி.' ஊதா மை. எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

எங்கேயோ பார்த்த எழுத்து.

கையிலிருந்த காகிதத்தை மெதுவாகத் திருப்பினார். சோப்பு, உப்பு, பல்பு. அதே ஊதா மை, அதே சாய்வு. இப்போதெல்லாம் மனைவி எதையும் வாயால் சொல்வதில்லை, அழகாக எழுதிச் சாப்பாட்டுப் பையில் வைத்துவிடுகிறாள். நல்ல ஒழுங்கு என்று அவரே பாராட்டியிருக்கிறார்.

சுவர்க் காலண்டரைப் பார்த்தார். இன்று தேதி 24.

வெட்கம் பிடுங்கித் தின்றது. பன்னிரண்டு பக்கக் கட்டுரையை இழுப்பறைக்குள் தள்ளினார். பேனாவைத் திறந்து, காலியாக இருந்த கட்டத்தில் 'இருபத்திரண்டு' என்று தன் கையாலேயே எழுதிவிட்டு, வீட்டுக்குப் போகச் செருப்பைத் தேடினார்.