இஞ்சி பிஸ்கட் மாளிகைக்கு முதல் அடி

வெளியே பனி கொட்டுகிறது. அமெரிக்க அதிபர் ஒருவரின் நினைவு நூலகக் கூடத்தில், கிறிஸ்துமஸ் மரத்தின் விளக்குகள் இஞ்சி பிஸ்கட்டால் கட்டிய வெள்ளை மாளிகையின் சர்க்கரைத் தூண்களில் மினுங்குகின்றன. விடுமுறையின் கடைசி நாளில், கட்டியவர் சுத்தியலால் முதல் அடி போட, பிள்ளைகள் நொறுக்கித் தின்பது இங்கே வழக்கம். கட்டியது நூலகச் சமையற்காரி மார்லிஸ். முன்னால் நிற்கும் அட்டையிலோ, போன வருடத்தைப் போலவே, 'கட்டியவர்' என்று நூலக இயக்குநரின் மனைவி செலஸ்ட்டின் பெயர். மார்லிஸ் காப்பி மேசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இந்தத் தடவை மாவில் அவள் சோடா உப்பே போடவில்லை. சுட்டதையே மறுபடி சுட்டாள், செங்கல்லாகும் வரை. பிள்ளைகளுக்கு மெத்தென்று சுட்டது மேசைக்கடியில் தனித் தட்டில் இருக்கிறது. செலஸ்ட் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி மரச்சுத்தியலை ஓங்குகிறாள். டொக். ஒரு தூள் உதிரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு அடி போடுகிறாள். சுத்தியல் எகிறி அவள் தோளையே உலுக்குகிறது. "ஆன்ட்டி, இது திங்கவா, குடியிருக்கவா?" என்கிறாள் முன்வரிசைச் சிறுமி. கூடம் சிரிப்பில் அதிர்கிறது. செலஸ்ட்டின் கழுத்தில் சிவப்பு ஏறுகிறது. சட்டையில் மைக் மாட்டியிருப்பதை மறந்து, காப்பி மேசைப் பக்கம் திரும்பிக் கிசுகிசுக்கிறாள்: "மார்லிஸ், இதுல என்னத்தப் போட்டுத் தொலைச்ச?" நான்கு மூலை ஒலிபெருக்கிகளும் அதையே உரக்கக் கேட்கின்றன. சிரிப்பு நின்று, எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. மார்லிஸ் தன் காப்பியில் சர்க்கரையைப் போட்டு நிதானமாகக் கலக்குகிறாள்.

"எனக்கென்ன மேடம் தெரியும்? அட்டையில உங்க பேருதானே போட்டிருக்கு."