டிக்கியில் படுத்திருந்த சக்கரம்

வழியில் பழுதானால் ஓடிவந்து உதவும் திட்டங்கள் பலவற்றை அலசிய கார், அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. டிக்கியில் படுத்திருந்த ஸ்டெப்னிச் சக்கரம் காரிடம் கேட்டது.

"அக்கா, இனி நான் எதற்கு? இறக்கிவிடுவாயோ?"

"சுமை குறையும்தான், குண்டா! ஊர் திரும்பியதும் யோசிக்கிறேன்."

மலைப்பாதையில் ஆணி குத்தி முன்சக்கரம் காற்றிழந்தது. அழைத்ததும் வந்த உதவி வண்டி, "ஸ்டெப்னி இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்டது.

"இருக்கிறான், என் தம்பி!" என்றது கார்.

ஸ்டெப்னி வெயிலுக்கு வந்தது. கழற்றப்பட்ட முன்சக்கரம் அருகில் கிடந்து விம்மியது.

"அந்த இருட்டிலா நான் படுக்க வேண்டும்?"

"இடப்பக்கமாகச் சாய்ந்து படு, அண்ணா. காரில் போடும் பாட்டெல்லாம் அங்கே நன்றாகக் கேட்கும்."