நாற்பத்தோராவது அம்மா

மார்க் குறைந்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் காரணம் எழுதிக் கொடுப்பதில் அந்த ஆலோசகரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண் தானே எழுதிக் கொண்டுவந்த தாளை அவர் படித்துவிட்டு, குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"படுத்த படுக்கையா கிடக்கிற அம்மாவைப் பார்த்துக்கிட்டதால மார்க் போச்சா? இது வேணாம்மா."

"ஏன் சார்?"

"போன வருஷம் மட்டும் நாப்பது பேருக்கு நானே இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். இப்ப அம்மான்னு ஆரம்பிச்சாலே தூக்கிக் குப்பையில போடுறாங்க."

"டாக்டர் சர்டிபிகேட் வச்சா?"

"அந்த நாப்பது பேரும் வச்சாங்களே."

அவள் ஐந்தாவது தடவையாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அப்ப வேற என்னதான் எழுதறது?"

"கால்பந்து ஆடினப்ப கால் முறிஞ்சுதுன்னு வச்சுக்குவோம். அதை இன்னும் யாரும் தொடலை." மளமளவென்று எழுதி நீட்டினார். "இதுல கையெழுத்துப் போடு. நேர்ல கூப்பிட்டுக் கேட்டா தடுமாறக் கூடாது."

அவள் பேனாவை எடுத்தபோது கைபேசி அடித்தது.

"அம்மா, நீயா எழுந்திரிக்காதே, விழுந்துடுவே. ஈரத்தோட இன்னும் அரைமணி நேரம் பொறுத்துக்கோ. நான் வந்து துணி மாத்தி, புரட்டிப் படுக்க வைக்கிறேன். முதுகுப் புண்ணுக்கு மருந்து வாங்கிட்டேன்."

ஆலோசகரின் கை, கோடு போட்ட தாளைத் தேடி எடுத்தது. எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப வைத்தது.

அவள் கைபேசியைப் பைக்குள் போட்டாள். புதுத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

"எனக்கு முறிஞ்சது எந்தக் கால், சார்?"