பரஸ்தானப் பை

வியட்நாமில் ஹுவே என்றொரு பழைய ராஜநகரம். ஒரு மாதம் அங்கேயே தங்கி நிதானமாகப் பார்க்க வேண்டுமென்று சாத்தப்பனும் விசாலமும் வருஷக்கணக்காகத் திட்டம் போட்டார்கள். "ஓடி ஓடிப் பாக்க வேணாம்லா. ஒரு நாளைக்கு ஒரு கோட்டை வாசல் போதும்" என்பாள் விசாலம். தொண்ணூற்றைந்தாம் வருஷம் டிக்கெட் எடுத்ததும், நடப்பதற்கென்றே பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் இருவருக்கும் புதுச் செருப்பு வாங்கினாள்.

விமானம் வெள்ளிக்கிழமை. நல்ல நேரமோ புதனோடு முடிந்தது. புதனன்றே பயணம் புறப்பட்டதாக இருக்கட்டும் என்று, இருவர் துணியும் செருப்பும் அடங்கிய பையைப் பூட்டி, எதிர்வீட்டு ஜெய்னம்புவிடம் பரஸ்தானமாக வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் குளியலறையில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

காரியங்களெல்லாம் முடிந்து, வந்தவர்களும் போனபிறகுதான் சாத்தப்பனுக்குப் பையின் நினைவு வந்தது.

"வச்ச எடத்துலயே இருக்கு அண்ணே. நான் தொடக்கூட இல்ல" என்றாள் ஜெய்னம்பு.

சாவி அவரிடம்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தார். விசாலத்தின் சேலைகள் துவைத்து மடிக்கப்பட்டிருந்தன. ஏதோ தெரியாத சோப்பு வாசனை. அவள் செருப்பின் அடி வழவழவென்று தேய்ந்திருந்தது. ஓரமெல்லாம் காய்ந்த செம்மண். அறுந்த வாரை அவள் வழக்கம்போல் ஊக்கு குத்திச் சேர்த்திருந்தாள்.

"எல்லா வாசலும் பாத்துட்டியா?" என்று கேட்டார்.

அவருடைய செருப்பு பையின் அடியில் கிடந்தது. விலைச்சீட்டுகூட உரிக்கப்படவில்லை.